4,000 ரூபாய்க்குள் கணினி ஸ்பீக்கரில் பேஸ் கிதார் தெளிவாகக் கேட்க என்ன செய்யலாம்?

நாலுகம்பி (பாளையங்கோட்டை) கேட்டது:

வணக்கம். எங்கள் கல்லூரியில் படித்த மூத்த மாணவர் ஒருவர் வேலை கிடைத்துக் கிளம்பும்போது தன்னுடைய பேஸ் கிதாரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சொல்லித்தர ஆசிரியர் இல்லை. எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களைக் கணினியில் ஓடவிட்டு, அதில் பேஸ் கிதார் எங்கே போகிறது என்று காதால் பிடித்து வாசித்துப் பார்ப்பதுதான் என் பாடம். அந்தப் பாடல்களில் பேஸ் கிதார் வெறும் தாளத்துக்குத் துணையாக நிற்பதில்லை. பாடுகிறவர் குரலுக்கு அடியில் தனக்கென்று ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு நடக்கிறது. எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களில் ஏறினால் அந்த மெட்டு முழுதாகக் காதில் விழுகிறது. வீட்டில் அதே பாடலைப் போட்டால் அது இருக்கும் இடமே தெரியவில்லை.

என்னிடம் இருப்பவற்றைச் சொல்கிறேன். பழைய டெஸ்க்டாப் கணினி. இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள், மின்சாரத்தை யு.எஸ்.பி.யிலிருந்தும் ஒலியைப் பச்சைத் துளையிலிருந்தும் எடுப்பவை. கோன் (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு) 3 அங்குலம்கூட இருக்காது. அறை 10க்கு 12 அடி, மாடியில் வாடகைக்கு இருக்கிறேன், கீழே வீட்டு உரிமையாளர் குடும்பம். சுவர் ஓரமெல்லாம் பீரோவும் கட்டிலும் பிடித்துக்கொண்டதால் மேசை உள்ளே தள்ளி நிற்கிறது. நாற்காலி ஏறத்தாழ அறையின் நடுவில் வருகிறது.

ஈக்வலைசரில், அதாவது ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பில், அடிநாதக் குமிழ்களை மேலே ஏற்றினேன். கொஞ்ச தூரம் போனதும் பாடகர் குரலே கிழிகிறது. பிறகு நண்பனுடைய 2.1 செட்டை (இரண்டு சிறிய ஸ்பீக்கரும் அடிநாதத்துக்கு ஒரு வூஃபரும்) கொண்டுவந்து மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். ஐந்தங்குல வூஃபர். நாற்காலியில் உட்கார்ந்தால் அதுவும் மெலிவாகத்தான் கேட்கிறது. எழுந்து கதவருகே போனால் அறையே அதிர்கிறது, அதுவும் பேஸ் கிதார் தன் ஏ கம்பியை (இரண்டாவது தடித்த கம்பி) தொடும் இடங்களில் மட்டும். மற்ற ஸ்வரங்கள் வந்த சுவடு தெரியவில்லை.

என்னால் 4,000 ரூபாய் செலவழிக்க முடியும். 5,000 வாட் பி.எம்.பி.ஓ. என்று எழுதிய 2.1 செட் ஒன்று அந்த விலைக்குள் விற்கிறது. வாங்கலாமா? அல்லது வேறு வழி உண்டா? எனக்கு வேண்டியது நெஞ்சை இடிக்கும் அதிர்ச்சி இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பாக்ஸ் பட்டறை (திண்டுக்கல்) பதில்:

தம்பி, கடைசியில் நீங்கள் எழுதிய வரிதான் சரியான கேள்வி. ஸ்பீக்கர் கோன் மாற்றிக் கட்டுவதும் மைக் செட் பாக்ஸ் செய்வதும்தான் என் தொழில். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் "அதிர வேண்டும்" என்பார்கள். ஒவ்வொரு ஸ்வரமும் வேண்டும் என்று கேட்டு வருகிறவர் அரிது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த 5,000 வாட் செட்டை வாங்காதீர்கள். பி.எம்.பி.ஓ. என்பதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்தத் தரநிலையும் வரையறுக்கவில்லை; அச்சடிக்கிறவர் விருப்பம்தான். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 6ஆல் பெருக்கினால் 1,380 வாட். அந்தத் துளையிலிருந்து இழுக்கக்கூடிய உச்சமே அவ்வளவுதான். அதில் செருகிய பெட்டி எங்கிருந்து 5,000 வாட் கொடுக்கும்? எந்த செட்டைப் பார்த்தாலும் பின்பக்கத்தையோ அதன் அடாப்டரையோ திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் உள்ளே போவதே 24 வாட். வெளியே வருவது அதைவிடக் குறைவு. ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய திறன்) என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் ஓரளவு நம்பலாம்.

ஆனால் உங்கள் சிக்கல் வாட்டில் இல்லை, காற்றில் இருக்கிறது. பேஸ், அதாவது அடிநாதம், என்பது நிறையக் காற்றைத் தள்ளி இழுக்கும் வேலை. ஒரு கோன் 160 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 160 அதிர்வு) 1 மில்லிமீட்டர் அசைந்து ஓர் உரப்பைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்தாயி கீழே 80 ஹெர்ட்ஸில் அதே உரப்பு வேண்டுமென்றால் அது 4 மில்லிமீட்டர் அசைய வேண்டும். இன்னும் ஒரு ஸ்தாயி இறங்கி 40 ஹெர்ட்ஸுக்கு வந்தால் 16 மில்லிமீட்டர். மூன்றங்குலக் கோனால் அந்தத் தூரம் போகவே முடியாது. அதனால்தான் நீங்கள் குமிழை ஏற்றியதும் குரல் கிழிந்தது. அடிநாதத்துக்காகத் தாறுமாறாக ஓடும் அதே கோன்தானே பாடகர் குரலையும் சுமக்க வேண்டும்? எட்டங்குலக் கோனின் பரப்பு மூன்றங்குலத்தைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு. அது கொஞ்சம் அசைந்தாலே போதும். தீப்பெட்டி அட்டையால் எவ்வளவு வேகமாக விசிறினாலும் பனையோலை விசிறியின் காற்று வராது. ஆகவே உங்கள் 4,000 ரூபாயில் வாட்டை வாங்காதீர்கள், கோன் பரப்பையும் பெட்டியின் கொள்ளளவையும் வாங்குங்கள்.

அவை மலிவாக எங்கே கிடைக்கும் என்றால், பழைய டி.வி.டி. ஹோம் தியேட்டர் செட்டுகளில். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். இன்று டி.வி.டி. ஓடும் பகுதி செத்துப்போய், ரிமோட் தொலைந்து, பரணில் கிடக்கின்றன. செத்தது மின்னணுப் பகுதிதான். அதோடு வந்த சப்வூஃபர் (அடிநாதத்துக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) பெட்டி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆறரை அங்குலம் அல்லது எட்டங்குல வூஃபர், ஒழுங்காகக் கணக்குப் போட்டுச் செய்த மரப்பெட்டி. பழைய இரும்புக் கடையிலும் டிவி பழுது பார்க்கும் கடைகளிலும் கேளுங்கள். பரணைக் காலி செய்தால் போதும் என்று சும்மா தூக்கிக் கொடுக்கிற உறவினர்களும் உண்டு.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை உண்டு. கோனின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் விளிம்பு நெடுநாள் தாங்கும். நுரை விளிம்பு என்றால் நம் ஊர் வெக்கையில் பொடிப்பொடியாக உதிரும். இரண்டு கைவிரல்களையும் கோனின் நடுவில் இரு பக்கமும் வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால் நல்லது. உரசும் ஒலி வந்தால் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) காந்தத்தில் இழைகிறது, வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால் முனைகளில் வையுங்கள்; 4 ஓம் வூஃபர் 3 ஓமுக்குச் சற்று மேலே காட்டும். எதுவும் காட்டவில்லை என்றால் காயில் அறுந்துவிட்டது. கடையில் ஒரு பென்சில் பேட்டரியைத் தொட்டுக் காட்டச் சொல்வதும் போதும். கோன் சட்டென்று முன்னே வந்தால் பேட்டரியின் நேர்முனை தொட்ட இடம்தான் வூஃபரின் நேர்முனை. அங்கே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஓட்ட ஓர் ஆம்ப்ளிஃபயர் போர்டு வேண்டும். டி.பி.ஏ.3116 என்ற சிப் வைத்த மோனோ (ஒரே தடம் உள்ள) போர்டு கேளுங்கள். சப்வூஃபருக்கென்றே வருவதில் எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்ட வேண்டும் என்று திருப்பும் குமிழும் இருக்கும். மின்னணுப் பொருள்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்கு யாராவது போனால் சொல்லி அனுப்புங்கள், இணையத்திலும் கிடைக்கிறது. மின்சாரத்துக்கு, கெட்டுப்போன லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் நன்றாகப் பொருந்தும். அந்த சிப் 26 வோல்ட் வரை தாங்கும். 65 வாட் அடாப்டர் உங்கள் அறைக்குத் தாராளம். ஒரே ஓர் எச்சரிக்கை: இந்த வகை போர்டுகளில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலும் மின்சாரம் உண்டு. கறுப்பு வயர்தானே என்று அதை எர்த்தோடோ வேறொரு கறுப்பு வயரோடோ சேர்த்துவிடாதீர்கள். சிப் போய்விடும்.

பெட்டி கிடைக்காமல் வெறும் வூஃபர் மட்டும் கிடைத்தால், 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் உள்ளளவு 25க்கு 25க்கு 32 சென்டிமீட்டராகப் பெட்டி அடியுங்கள். 20 லிட்டர் வரும். மூட்டுகளில் ஃபெவிகால் வழிய வழியப் போட்டுக் காற்றுப் போகாமல் மூடுங்கள். முன்னால் காற்று போய்வரக் குழாய் வைக்க ஆசை வரும். உள்விட்டம் 5 சென்டிமீட்டர் உள்ள பி.வி.சி. குழாயை 11 சென்டிமீட்டர் நீளம் வெட்டி வைத்தால் அந்தப் பெட்டி 45 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேரும். கணக்கு சரியாக வரும், ஒலியும் கூடும். ஆனாலும் நான் வேண்டாம் என்பேன். உங்கள் கிதாரின் தடித்த கம்பி, அந்த ஈ, 41 ஹெர்ட்ஸ். குழாயின் சுருதிக்குக் கீழே இறங்கினால் பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைப் பிடித்து நிறுத்தாது, அது கட்டறுந்து ஆடும். விவரக்குறிப்பு தெரியாத வூஃபருக்கு மூடிய பெட்டிதான் பாதுகாப்பு. எட்கர் வில்ச்சர் என்பவர் அமெரிக்காவில் 1954இல் ஏ.ஆர்.1 என்ற ஸ்பீக்கரில் செய்து காட்டியது இதுதான்: மூடிய சிறு பெட்டிக்குள் சிக்கிய காற்றையே வில்லாக வைத்துக் கோனைக் கட்டுக்குள் நிறுத்தினார். உரப்பு கொஞ்சம் குறையும். ஸ்வரம் சுத்தமாக நிற்கும். உங்களுக்கு வேண்டியது அதுதானே?

இனி உங்கள் அறை. ஒரு பைசா செலவில்லாமல் பாதிப் பலன் இங்கேதான் இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகிறது. 12 அடிச் சுவர்களுக்கு இடையே அது மோதித் திரும்பி 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஓர் அலையாக நிற்கும். 10 அடிச் சுவர்களுக்கு இடையே 57 பக்கம். இப்படி நிற்கும் அலை சுவர் ஓரத்திலும் மூலையிலும் பலமாகவும், அறையின் நட்ட நடுவில் ஏறத்தாழ இல்லாமலும் இருக்கும். உங்கள் நாற்காலி நட்ட நடுவில். ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். கதவருகே ஏ மட்டும் அதிர்ந்ததற்கும் நாற்காலியில் அது காணாமல் போனதற்கும் காரணம் இதுதான். நண்பரின் செட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

மேசையை நகர்த்துங்கள். நாற்காலி நடுவிலிருந்து இரண்டடி விலகினாலே வித்தியாசம் தெரியும். பிறகு சப்வூஃபருக்கு இடம் தேட ஒரு வழி: பெட்டியைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியின் மேலேயே வையுங்கள். எல்லா ஸ்வரமும் வரிசையாக வரும் பேஸ் பகுதி ஒன்றை ஓடவிட்டு, அறையின் ஓரங்களில் குனிந்து, தரையோடு காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் ஸ்வரங்கள் ஏற்ற இறக்கமில்லாமல் சமமாக வருகின்றனவோ அங்கே பெட்டியை இறக்குங்கள். நீங்கள் நாற்காலிக்குத் திரும்பியதும் அதே ஒலி உங்களுக்கு வரும். பெட்டியும் காதும் இடம் மாறினாலும் அறைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஓசூர் நிரலர் பதில்:

மேலே ஐயா சொன்னதோடு கணினிப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

ஈக்வலைசரை ஏற்றுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. 10 டெசிபல் (ஒலியின் அளவு) ஏற்றினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு திறன் கொடுக்க வேண்டும். யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர், ஆக மொத்தமே 2.5 வாட். பத்து மடங்குக்கு எங்கே போவது? ஆகவே பெட்டியும் போர்டும் கிடைக்கும்வரை நேர்மாறாகச் செய்யுங்கள். சிறிய ஸ்பீக்கரால் முடியாத பகுதியை வெட்டிவிடுங்கள். விண்டோஸ் என்றால் ஈக்வலைசர் ஏ.பி.ஓ. என்ற இலவச மென்பொருள், லினக்ஸ் என்றால் ஈஸி எஃபெக்ட்ஸ். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சிறிய ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுத்தால் குரலும் கம்பிகளும் உடனே தெளியும்.

சப்வூஃபர் வந்த பிறகு இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. கணினியின் பின்னால் பச்சைத் துளைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத் துளை இருக்கிறதா பாருங்கள். அது 5.1 அமைப்பில் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் உரியது. மூன்றே துளைகள் இருக்கும் கணினிகள் பலவற்றிலும் ஒலி அமைப்புக்குள் போய் மற்றத் துளைகளை அந்த வேலைக்கு மாற்றலாம். ஒரே துளைக்குள் இரண்டு தடங்கள் இருப்பதால் எது சப்வூஃபர் தடம் என்று சோதனை ஒலி போட்டுப் பார்த்து அதை மட்டும் போர்டுக்கு இழுங்கள். பிறகு ஈக்வலைசர் ஏ.பி.ஓ.வில் இடது, வலது இரண்டையும் பாதிப் பாதியாகச் சேர்த்து சப்வூஃபர் தடத்துக்கு அனுப்பச் சொல்லலாம். 120க்குக் கீழே அங்கே, 120க்கு மேலே சிறிய ஸ்பீக்கரில். பிரிக்கும் வேலையைக் கணினியே செய்துவிடுவதால் போர்டில் உள்ள குமிழைக் கடைசி வரை திறந்து வைத்துவிடலாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது. 120 என்றால் ஓரளவு தெரியும், அதனால் பெட்டியை மேசைக்கு அருகிலேயே வையுங்கள்.

இரவில் மெல்ல வைத்துக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். மெல்லிய ஒலியில் நம் காது அடிநாதத்தைத்தான் முதலில் தவறவிடுகிறது. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வளைகோடுகளாகப் போட்டார்கள். ஆகவே இரவுக்கென்று சப்வூஃபரை 4, 5 டெசிபல் கூட்டி வைத்த தனி அமைப்பு ஒன்றைச் சேமித்து வைத்துக்கொள்வது நியாயமானதே. எதையாவது கூட்டினால் மொத்த அளவை அதே டெசிபல் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணினிக்குள்ளேயே அலையின் தலை வெட்டுப்படும்.

மெல்லிசை மேடை (சேலம்) பதில்:

தம்பி, நான் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறேன். நம் கருவி பிடித்த இன்னொருவர் எழுதியிருப்பதைப் பார்த்ததும் மற்ற வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு கம்பிகளின் அதிர்வெண்ணையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஈ 41.2, ஏ 55, டி 73.4, ஜி 98. இதைப் பார்த்துவிட்டு 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெட்டி இல்லாமல் வழியில்லை என்று பயப்பட வேண்டாம். ஈ கம்பியைத் தட்டினால் 41 மட்டும் வருவதில்லை. 82, 123 என்று அதன் மடங்குகளும் வருகின்றன. அடிப்படை அதிர்வெண் காணாமல் போனாலும் இந்த மடங்குகளை வைத்துக் காது ஸ்வரத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிடும். 60 ஹெர்ட்ஸ் வரை சுத்தமாக இறங்கும் மூடிய பெட்டி இருந்தால் பாடல் முழுவதும் பிடிபடும். 40 வரை இறங்குகிறேன் என்று ஒரே ஸ்வரத்தில் உறுமும் பெட்டியில் எதுவும் பிடிபடாது.

ஆனால் பாடம் படிக்க நான் பெட்டியைப் பயன்படுத்தமாட்டேன். காதை முழுவதும் மூடும் வயர் உள்ள ஹெட்ஃபோன் ஒன்று வாங்குங்கள். அறை, சுவர், நாற்காலி எதுவும் நடுவில் வராது. காதோடு மூடிய சிறு இடத்தில் இருக்கும் காற்றை மட்டும் அசைத்தால் போதும் என்பதால் சிறிய கோனே அடிவரை இறங்கிவிடும். உங்கள் 4,000இல் 1,000 ரூபாயை இதற்கு ஒதுக்குவது வீண் போகாது.

இன்னொன்று. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாடலைத் திறந்து, சுருதியை மட்டும் பன்னிரண்டு அரைஸ்வரம், அதாவது ஒரு ஸ்தாயி மேலே ஏற்றுங்கள். வேகம் மாறாது. பாடகர் குரல் கீச்சென்று ஆகிவிடும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். இப்போது ஈ கம்பி 82 ஹெர்ட்ஸில், ஏ கம்பி 110இல் பாடும். உங்களிடம் இப்போது இருக்கும் அந்தச் சின்ன ஸ்பீக்கரிலேயே, 200 ஹெர்ட்ஸைத் தாண்டி வரும் மடங்குகளால், பேஸ் கிதார் எங்கே நடக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்வரத்தை எழுதிக்கொண்டு, உண்மையான பாடலோடு சேர்ந்து உங்கள் கிதாரில் கீழ் ஸ்தாயியில் வாசியுங்கள். விரைவாக ஓடும் இடங்களை நான் இன்றும் இப்படித்தான் பிடிக்கிறேன்.

பழைய பாடல்களை எந்தப் பதிவில் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். தேய்ந்த கேசட்டிலிருந்து ஏற்றிய பிரதி என்றால் ஆயிரம் ரூபாய் பெட்டியும் ஒன்றுதான், லட்ச ரூபாய் பெட்டியும் ஒன்றுதான். அதே பாடலின் நாலைந்து பிரதிகளைத் தேடி, எதில் பேஸ் கிதாரின் கம்பி விரலில் உரசும் ஒலிகூடக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாலுகம்பி:

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி நாற்காலியைப் பீரோ பக்கம் நகர்த்தினேன். நண்பனுடைய அதே 2.1 செட்டில், அதே பாடலில், இதுவரை கேட்காத ஸ்வரங்கள் கேட்கின்றன. ஸ்தாயி ஏற்றும் வழியில் ஒரு பாடலின் சரணம் முழுவதையும் எழுதிவிட்டேன். அதில் பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் பேஸ் கிதார் படிப்படியாக இறங்குகிறது, அது எனக்கு இத்தனை நாளும் தெரியாது!

டவுனில் டிவி பழுது பார்க்கும் கடையில் ஹோம் தியேட்டர் சப்வூஃபர் பெட்டி கிடைத்தது. ஆறரை அங்குலம், ரப்பர் விளிம்பு, உரசல் இல்லை, மீட்டரில் 3.3 ஓம். முன்பக்கம் குழாய் இருக்கிறது. போர்டும் வந்துவிட்டது. இணைத்ததும் இரண்டு சிக்கல்கள். பாடல் ஓடாதபோதும் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். கணினியிலிருந்து வரும் வயரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது. இரண்டாவது, கீழே வீட்டு அம்மா வந்து, பாட்டு கேட்கவில்லை, ஆனால் இடி மட்டும் கேட்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைச் சிரமப்படுத்த எனக்கு மனமில்லை.

பாக்ஸ் பட்டறை:

நல்ல பெட்டி தம்பி. தொழிற்சாலையில் அந்த வூஃபருக்கென்றே அளந்து வைத்த குழாய், அதில் கை வைக்க வேண்டாம். ஈ கம்பியின் அடிப்பகுதியில் கோன் அதிகமாக ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும், 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கணினியில் வெட்டிவிடுங்கள். அல்லது ஒரு பழைய பருத்தித் துணியைச் சுருட்டிக் குழாயை இறுக அடைத்துக் கேட்டுப் பாருங்கள். பெட்டி ஏறத்தாழ மூடியதாகிவிடும். எது பிடிக்கிறதோ அப்படியே விடுங்கள்.

வயரைப் பிடுங்கினால் இரைச்சல் நிற்கிறது என்றால் அது எர்த் சுற்று. கணினியும் மூன்று முள், உங்கள் லேப்டாப் அடாப்டரும் மூன்று முள்ளாகத்தான் இருக்கும். இரண்டும் வெவ்வேறு வழியாகத் தரையைத் தொட்டு, ஒலி வயர் வழியாக வட்டம் போடுகின்றன. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள், பாதி நேரம் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் இரண்டு முள் உள்ள வேறு அடாப்டர் ஒன்றை மாற்றிப் போடுங்கள். கார் ஆடியோ கடையில் எர்த் இரைச்சலைத் தடுக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வயர் விற்பார்கள். இரைச்சல் நிற்கும், ஆனால் விலை மலிந்ததில் அடிநாதமும் மெலியும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். யார் சொன்னாலும் கணினியின் எர்த் முள்ளை மட்டும் வெட்டாதீர்கள். அது உயிருக்கான காவல்.

கீழ் வீட்டு அம்மாவுக்காக, பெட்டியை மூலையிலிருந்து எடுத்து உங்கள் நாற்காலிக்கு அருகில், முழங்காலை ஒட்டிக் கொண்டுவாருங்கள். ஒன்பது அடியில் இருந்தது இரண்டே கால் அடிக்கு வந்தால், திறந்த வெளிக் கணக்கில் உங்கள் காதுக்கு 12 டெசிபல் கூடும். அறைக்குள் அவ்வளவு வராது, ஆனாலும் நிறைய வரும். அந்த அளவுக்குப் போர்டில் ஒலியைக் குறைத்துவிடலாம். உங்களுக்கு அதே ஒலி, வீட்டுக்கு மிகக் குறைவு. அடியில் நான்கு மூலையிலும் தடித்த ரப்பர் துண்டு வையுங்கள். தளத்தை நேரே தட்டுவது குறையும்.

இடம் முடிவானதும் கடைசி வேலை. 120 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். நண்பரை போர்டில் வூஃபர் வயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள், போர்டை அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். எந்தப் பக்கம் போட்டால் ஒலி கூடுதலாகக் கேட்கிறதோ, அந்தப் பக்கம்தான் பெட்டியும் சிறிய ஸ்பீக்கர்களும் சேர்ந்து தள்ளுகின்றன. நான் புள்ளி வைக்கச் சொன்ன நேர்முனைக்கு அது எதிராக வந்தாலும் பரவாயில்லை, காது சொல்வதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிசை மேடை:

அந்தச் சரணத்தை எழுதியதைச் சொன்னீர்களே, இறங்கும் இடத்தில் எந்த விரலை எங்கே வைக்கிறீர்கள்? ஏ கம்பியிலேயே இறங்காமல் ஈ கம்பியின் ஐந்தாவது கட்டத்துக்குத் தாவிப் பாருங்கள். அதுவும் அதே 55 ஹெர்ட்ஸ்தான், ஆனால் தடித்த கம்பியில் ஒலி உருண்டு வரும். பதிவில் இருப்பது அந்த ஒலியா என்று புதுப் பெட்டியில் கேட்டுச் சொல்லுங்கள்.